கல்லீரல் மாற்றுக்குப் பிறகு வயிற்றில் டிரெயின்: ஏன் வைக்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், எப்போது எடுக்கிறார்கள்?

கேள்வி இது: அண்ணனுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள் ஆகிறது. உறவினர் தானமாகத் தந்த வலது பக்கக் கல்லீரல். வயிற்றில் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. ஒன்றில் 50 மி.லி. கூட வருவதில்லை. இன்னொன்றில் தினமும் ஒன்றரை லிட்டர் வருகிறது. வேறொரு மருத்துவமனையில் இதே ஆபரேஷன் செய்துகொண்டவருக்குக் குழாயே வைக்கவில்லையாம். எங்களுக்கு மட்டும் ஏன் வைத்தார்கள்? இவ்வளவு நீர் வருவது ஆபத்தா? எப்போது எடுப்பார்கள்?

வைத்தவர்களும் தவறு செய்யவில்லை, வைக்காதவர்களும் தவறு செய்யவில்லை. இந்த விஷயத்தில் அறுவை சிகிச்சை நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. ஒன்றரை லிட்டர் என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆபத்து என்றோ இல்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது. அது என்ன நீர், நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா, நோயாளி எப்படி இருக்கிறார் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

எந்தக் குழாயைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும், ஏனென்றால் மாற்று சிகிச்சை முடிந்தவரின் உடம்பில் பல குழாய்கள் இருக்கும். கழுத்தில் ஒன்று, மூக்கில் ஒன்று, சிறுநீருக்கு ஒன்று. சிலருக்கு வலது நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டால் அங்கேயும் ஒன்று. சிலருக்குப் பித்தநாளத்துக்குள்ளேயே ஒரு மெல்லிய குழாய் வைத்து வெளியே கொண்டுவந்திருப்பார்கள். அதில் பித்தநீர் வந்துதான் ஆக வேண்டும், வராவிட்டால்தான் கவலை. நீங்கள் கேட்கும் டிரெயின் பித்தநாளத்துக்குள் போவதில்லை. கல்லீரலைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் சும்மா கிடப்பது அது. இதில் பித்தநீர் வரக்கூடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பச்சையாக வருகிறதே என்று பதறுபவர்களும் உண்டு, பச்சைதானே என்று பேசாமல் இருந்துவிடுபவர்களும் உண்டு. எது எந்தக் குழாய் என்று நர்ஸிடம் கேட்டு, பையின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரெயின் என்பது சிலிகான் போன்ற மென்மையான பொருளில் செய்த குழாய். உள்ளே இருக்கும் முனையில் துளைகளோ நீளவாக்கில் பள்ளங்களோ இருக்கும். பெரும்பாலும் ஒன்றை வலது பக்கம் உதரவிதானத்துக்கும் கல்லீரலுக்கும் இடையிலும், இன்னொன்றைக் கல்லீரலுக்கு அடியில், ரத்தக்குழாய்களையும் பித்தநாளத்தையும் இணைத்துத் தைத்த இடத்துக்கு அருகிலும் வைப்பார்கள். சிலர் இடது பக்கமும் ஒன்று வைப்பதுண்டு. வெளி முனையில் அமுக்கிவிட்டால் மெதுவாக உறிஞ்சும் பல்ப் இருக்கும், அல்லது தானாக வடிந்து சேரும் பை இருக்கும். புதிதாகத் தைத்த இடத்தின் பக்கத்தில் பலமாக உறிஞ்சும் சாதனத்தை யாரும் விரும்புவதில்லை.

இவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது? கல்லீரல் சுருங்கிக் கெட்டுப்போனவர்களில் பலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே வயிற்றில் நீர் கோத்திருக்கும். புதுக் கல்லீரல் வைத்த அன்றே அது நின்றுவிடாது. வருடக்கணக்கில் உப்பியிருந்த ரத்தக்குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் பழைய நிலைக்கு வர நாள் பிடிக்கும். அப்புறம், பழைய கல்லீரலை வெட்டியெடுக்கும்போது அதன் வேர்ப்பகுதியிலுள்ள நிணநீர்க் குழாய்களும் அறுபடுகின்றன. அவை மூடிக்கொள்ளும்வரை ஊறிக்கொண்டே இருக்கும். உங்கள் அண்ணனைப் போல உயிருடன் இருப்பவரிடமிருந்து பாதிக் கல்லீரல் வாங்கியவர்களுக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. வெட்டிய முகம் ஒன்று திறந்து கிடக்கிறது, அதிலிருந்தும் கசியும். தவிர, குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக முழுக் கல்லீரலுக்குப் போக வேண்டிய ரத்தம் முழுவதும் பாதிக் கல்லீரலுக்குள் பாய்கிறது. கல்லீரல் உடம்பின் அளவுக்குச் சிறியதாக இருந்தால் அந்த அழுத்தம் தாங்காமல் நீர் பெருகும். தானமாக வந்த கல்லீரலின் எடை, பெறுபவரின் உடல் எடையில் 0.8 சதவீதத்துக்காவது இருக்க வேண்டும் என்று பல காலமாகக் கணக்கு வைத்திருப்பதே இதற்காகத்தான். இப்போது அதற்குக் குறைவாகவும் தேர்ந்தெடுத்துச் செய்கிறார்கள், அது தனிக் கதை.

இப்படிச் 'சிறிய கல்லீரல்' சிக்கல் வந்திருக்கிறதா என்று சொல்ல ஜப்பானின் கியூஷு குழுவினர் வகுத்த அளவுகோல் ஒன்று பரவலாகப் புழங்குகிறது. ஆபரேஷன் முடிந்த 14-ஆம் நாளில் ரத்தத்தில் பிலிரூபின் (பித்தநீரில் உள்ள மஞ்சள் நிறமி) டெசிலிட்டருக்கு 10 மி.கி.க்கு மேல் இருப்பதோடு, வயிற்று நீரும் 14-ஆம் நாளில் 1 லிட்டருக்கு மேலோ, 28-ஆம் நாளில் அரை லிட்டருக்கு மேலோ வருவது. பத்தாம் நாளில் ஒன்றரை லிட்டர் வருகிறது என்பதற்காக அண்ணனை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். பிலிரூபின் இறங்கிக்கொண்டிருந்து, ரத்த உறைதல் எண்ணான ஐஎன்ஆரும் சரியாகிக்கொண்டிருந்தால், கல்லீரல் வேலை செய்கிறது, நீர் மட்டும் இன்னும் வற்றவில்லை என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் குறைந்துவந்த நீர் திடீரென்று ஏறினால் விடமாட்டார்கள். கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரையில் அடைப்போ நெருக்கமோ இருக்கிறதா, போர்ட்டல் சிரையில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்ப்பார்கள். நீரைச் சோதனைக்கும் அனுப்புவார்கள்.

டிரெயினின் உண்மையான பயனும் அங்கேதான் இருக்கிறது. அது எதையும் குணப்படுத்துவதில்லை. உள்ளே நடப்பதைக் கொஞ்சம் முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கலாம், அவ்வளவுதான். காலை ரவுண்ட்ஸில் கவனித்துப் பாருங்கள். மூத்த டாக்டர் சார்ட்டில் எழுதிய எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே குனிந்து குழாயைப் பார்ப்பார். பையில் இருப்பது நேற்றிரவு முழுக்கச் சேர்ந்தது. குழாயில் நிற்பதுதான் இப்போது வந்தது. பையில் சிவப்பாக இருந்து குழாயில் வைக்கோல் நிறமாக இருந்தால் நிலைமை சீராகிறது. பையில் வெளிறி, குழாயில் சிவப்பாக இருந்தால் புதிதாக ஏதோ நடக்கிறது. சந்தேகம் வந்தால் ஒரு வெள்ளைத் துணித்துண்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். பித்தநீர் கலந்திருந்தால் துணியில் பச்சையோ பழுப்பு மஞ்சளோ தெரியும்.

முதல் இரண்டு நாள் முக்கியக் கவலை ரத்தக்கசிவு. ஆரம்பத்தில் ரத்தம் கலந்து வருவது சகஜம். மணிக்கு மணி அளவு ஏறிக்கொண்டே போனாலோ, நாடித்துடிப்பு கூடி ரத்த அழுத்தம் இறங்கினாலோ, மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டிவரும். டிரெயின் நீரில் எவ்வளவு ரத்தம் என்று கண்ணால் சொல்வது கடினம். ஒரு லிட்டர் நீரில் கொஞ்சம் ரத்தம் கலந்தாலே பார்க்கப் பயங்கரமாக இருக்கும். அதனால் அதில் ஹீமாட்டோகிரிட் (சிவப்பணுக்களின் பங்கு) பார்த்து, நோயாளியின் ரத்தத்தில் இருப்பதோடு ஒப்பிடுவார்கள்.

அடுத்தது பித்தநீர்க் கசிவு. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கல்லீரல் அறுவை சிகிச்சைக்கான ஒரு சர்வதேச நிபுணர் குழு 2011-இல் வகுத்தது: மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ, டிரெயின் நீரில் உள்ள பிலிரூபின் ரத்தத்தில் உள்ளதைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அது கசிவு. ரத்தத்தில் 4, டிரெயினில் 5 என்றால் நீர் மஞ்சளாகத் தெரிந்தாலும் கசிவு கிடையாது. மஞ்சள் காமாலை உள்ளவரின் வயிற்று நீர் மஞ்சளாகத்தான் இருக்கும். ரத்தத்தில் 2, டிரெயினில் 14 என்றால் நிறம் எப்படி இருந்தாலும் கசிவுதான். பாதிக் கல்லீரல் வைப்பதில் பித்தநாளங்கள் மிகச் சிறியவை, சில சமயம் இரண்டு மூன்று இருக்கும். அதனால் இந்தக் கசிவும் இதில்தான் அதிகம். கசிவு உறுதியானால், நல்ல குழு கல்லீரல் தமனியையும் டாப்ளரில் பார்த்துவிடும். காரணம், பித்தநாளம் உயிரோடிருப்பது அந்தத் தமனியின் ரத்தத்தால். தமனி அடைத்துக்கொண்டால் பித்தநாளம் அழுகிக் கசியும். எல்லாக் கசிவும் தையல் பிரிந்ததால் வருவதில்லை.

சாப்பிட ஆரம்பித்ததும் நீர் பால்போல வெளுத்தால் அது நிணநீர். நீரில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். கொழுப்பு குறைத்த உணவிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். கலங்கலாக வந்தால் கிருமித்தொற்றா என்று செல் எண்ணிக்கையும் கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்ப்பார்கள். ஒரு கன மில்லிமீட்டரில் 250-க்கு மேல் நியூட்ரோஃபில்கள் (ஒரு வகை வெள்ளையணு) என்பது வயிற்று நீரில் தொற்று என்று சொல்லப் பயன்படும் எல்லை. அறுவை நடந்த வயிற்றில் அந்த எல்லையை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க முடியாது, நோயாளியின் நிலையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பத்து நாள் கிடந்த குழாயிலிருந்து எடுத்த கல்ச்சரில் ஏதோ ஒரு கிருமி வளர்ந்தது என்றால் அதுவும் அப்படித்தான். அது வயிற்றில் இருக்கலாம், குழாயின் சுவரில் மட்டும் குடியேறியதாகவும் இருக்கலாம்.

இப்போது, எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். டிரெயினில் ஒன்றும் வரவில்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம் ஆகாது. உறைந்த ரத்தக்கட்டி துளைகளை அடைத்துவிடும். குடலை மூடியிருக்கும் கொழுப்புத்திரை ஒட்டிக்கொள்ளும். குழாய் மடங்கிக்கொள்ளும். கசிவு ஒரு மூலையில், குழாய் இன்னொரு மூலையில் இருக்கும். பெரிய ரத்தக்கசிவிலேயே டிரெயின் வறண்டு கிடந்த நோயாளிகள் எல்லா மாற்று சிகிச்சைப் பிரிவிலும் உண்டு. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு, ஹீமோகுளோபின், வயிறு உப்பியிருப்பது இவற்றை எல்லாம் விட்டுவிட்டு 'டிரெயின் சுத்தமாக இருக்கிறதே' என்று நிம்மதி அடைவதுதான் குழாயால் வரும் மிகப் பெரிய கெடுதல் என்பேன். உங்கள் அண்ணனின் 50 மி.லி. வரும் குழாயைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. அது வேலை முடித்த குழாயா, அடைத்துக்கொண்ட குழாயா என்று டாக்டரிடம் கேளுங்கள். வேலை முடிந்திருந்தால் அதை இன்னும் வைத்திருக்க அவசியமில்லை.

சரி, அப்படியானால் சிலர் ஏன் வைப்பதே இல்லை?

வயிற்று அறுவைக்குப் பிறகு குழாய் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே நடக்கிறது. கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் சாதாரண அறுவையில் இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 120 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 1996-இல் வந்தது. குழாய் தேவையில்லை என்பது அதன் முடிவு. 2004-இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குக் கல்லீரலை வெட்டிய பிறகு டிரெயின் வைத்ததில்தான் சிக்கல்கள் அதிகம் என்றது. குழாய் வழியே நீர் ஓயாமல் வெளியேறுவது, குழாய் வெளிவரும் இடத்தைச் சுற்றிக் கசிவது, அதன் வழியே கிருமி உள்ளே போவது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. பித்தநாள இணைப்பு இல்லாத கல்லீரல் வெட்டு அறுவைக்கு வழக்கமாகக் குழாய் வேண்டாம் என்பது இன்று பெரும்பாலும் ஒப்புக்கொண்ட விஷயம்.

மாற்று அறுவைக்கு அந்த மாதிரி ஆய்வு வலு கிடையாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2011-இல் இதைத் தேடிப் பார்த்தபோது, அப்படிச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட தகுதியான ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதன் பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டி எழுதியவை. அவற்றில் ஒரு கோளாறு இருக்கிறது. ஆபரேஷன் சுலபமாக முடிந்தவர்களுக்குக் குழாய் வைக்காமல் விட்டிருப்பார்கள், ரத்தம் நிறையப் போனவர்களுக்கு வைத்திருப்பார்கள். பிறகு குழாய் இல்லாதவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள் என்றால் அந்தப் பெருமை குழாய் இல்லாததற்குச் சேருமா?

வெட்டு அறுவையின் முடிவை அப்படியே மாற்று அறுவைக்குக் கொண்டுவரவும் முடியாது. இங்கே தைத்த ரத்தக்குழாய்கள் உண்டு, பித்தநாளத் தையல் உண்டு, ரத்தம் உறையும் தன்மை முதல் சில நாள் தாறுமாறாக இருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. மாற்றிய கல்லீரலுக்கு நரம்புத் தொடர்பு அறுபட்டுவிட்டது. நோயாளி ஸ்டீராய்டும் எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்துகளும் எடுக்கிறார். சாதாரண ஆளுக்கு வயிற்றில் பித்தநீர் கசிந்தால் துடித்துப் போவார், காய்ச்சல் அடிக்கும். இவருக்கு லேசான அசௌகரியம் மட்டும் இருக்கலாம், காய்ச்சல் வராமலே போகலாம். அறிகுறிகள் அமுங்கிப்போன உடம்பில் குழாய் ஒன்று சாட்சியாக இருக்கட்டும் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

வைக்காதவர்களின் வாதமும் லேசானதில்லை. முதல் சில நாள் தினமும் டாப்ளர் ஸ்கேன் பார்க்கும் வசதி இருக்கிறது. எங்காவது நீர் தேங்கினால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே தோல் வழியாக மெல்லிய குழாயைச் சரியான இடத்தில் செருகலாம். பித்தக்கசிவுக்குப் பல சமயம் ஈஆர்சிபி செய்து (வாய் வழியே கேமராக் குழாய் விட்டு) பித்தநாளத்துக்குள் ஸ்டென்ட் வைக்கலாம். தேவைப்படும் சிலருக்குப் பிறகு வைத்துக்கொள்ள முடியும்போது, எல்லோருக்கும் ஏன் முன்கூட்டியே வைக்க வேண்டும்? எதிர்ப்புசக்தி குறைந்த உடம்பில் வெளியிலிருந்து உள்ளே போகும் ஒவ்வொரு வழியும் கிருமிக்குத் திறந்த வாசல்தான்.

என் கருத்தைக் கேட்டால்: இறந்தவரிடமிருந்து வந்த முழுக் கல்லீரல், ரத்தம் அதிகம் போகவில்லை, பித்தநாளங்கள் சிக்கலின்றி இணைந்தன, ராத்திரியிலும் ஸ்கேன் பார்க்க ஆள் இருக்கிறது என்றால் குழாய் இல்லாமலே விடலாம். பாதிக் கல்லீரல், ஒன்றுக்கு மேற்பட்ட பித்தநாளம், பித்தநாளத்தைக் குடலோடு இணைத்தது, இரண்டாம் முறை மாற்று, ரத்தம் உறைய மறுத்தது, இதில் ஏதாவது இருந்தால் நான் வைப்பேன். ஆனால் வைக்கும்போதே எடுக்கும் நாளையும் யோசித்து வைப்பேன். அண்ணனுக்கு வைத்தது சரியான முடிவு என்றுதான் தோன்றுகிறது.

எப்போது எடுப்பார்கள் என்பதிலும் இடத்துக்கு இடம் வழக்கம் மாறும். ரத்தமோ பித்தமோ இல்லை என்று உறுதியானதும் மூன்று முதல் ஐந்து நாளில் எடுத்துவிடுபவர்கள் உண்டு. நாள் அளவு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இறங்கட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. வயிற்று நீர் உள்ளவர்களிடம் இந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்காது. குழாய் திறந்திருக்கும்வரை நீர் வந்துகொண்டுதான் இருக்கும். வயிற்றின் உட்சவ்வுக்கு நீரை உறிஞ்சும் சக்தி உண்டு, ஆனால் உறிஞ்ச விடாமல் நாம் வடித்துக்கொண்டே இருக்கிறோம். ஒன்றரை லிட்டரோடு உப்பும் புரதமும் போகின்றன. ஆல்புமின் என்ற புரதத்தை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் அடிபடும். எதிர்ப்புசக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தும் சிறுநீரகத்தைத்தான் தொந்தரவு செய்யும். இரண்டும் சேர்ந்தால், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறும். அதனால் நீர் தெளிவாக இருக்கிறது, தொற்று இல்லை, பித்தம் இல்லை, ஸ்கேனில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றால், அளவு அதிகமாக இருந்தாலும் குழாயை எடுத்துவிட்டு, நீர் பிரியும் மாத்திரையும் உப்புக் கட்டுப்பாடும் கொடுத்துச் சமாளிப்பது பல குழுக்களின் வழக்கம். ஒரேயடியாக எடுக்கத் தயங்குபவர்கள் தினசரி வடிக்கும் அளவுக்கு வரம்பு வைப்பார்கள்.

எடுப்பது படுக்கையிலேயே நடக்கும், மயக்கம் தேவையில்லை. தையலை வெட்டி, மூச்சை இழுத்துவிடச் சொல்லி உருவிவிடுவார்கள். சில வினாடி உள்ளே ஏதோ நழுவுவதுபோல விநோதமாக இருக்கும். வராமல் இறுகிப் பிடித்தால் பலமாக இழுக்கக்கூடாது. எடுத்த துளை வழியே ஓரிரு நாள் நீர் கசிந்து படுக்கை நனையலாம். முன்னெச்சரிக்கையாக அங்கே சுற்றுத் தையல் ஒன்று போடுவார்கள், அல்லது ஒட்டும் பை வைப்பார்கள். பஞ்சை மேலே மேலே அடுக்கி நனைந்ததும் அப்படியே விடுவதைவிடப் பை நல்லது, அளவும் தெரியும், தோலும் புண்ணாகாது.

சிலரைக் குழாயோடே வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படி நேர்ந்தால்: பையோ பல்போ எப்போதும் வயிற்றுத் துளைக்குக் கீழேயே இருக்கட்டும். தொடுவதற்கு முன்னும் பின்னும் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து, அளவையும் நிறத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பல்ப் என்றால் காலி செய்தபின் அமுக்கி மூட மறக்காதீர்கள், உப்பிய பல்ப் உறிஞ்சாது. குழாயைத் தோலோடு பிளாஸ்டர் போட்டு நிறுத்தினால் தூக்கத்தில் இழுபடாது. வெளியே வந்துவிட்டால் திரும்பச் செருக முயலவே கூடாது.

திடீரென்று சிவப்பாக வந்தால், பச்சை அல்லது பழுப்பாக மாறினால், கலங்கினால், நாற்றம் அடித்தால், நன்றாக வந்துகொண்டிருந்தது சட்டென்று நின்று வயிறு உப்பினால், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால், சிறுநீர் குறைந்தால், மாற்று சிகிச்சைக் குழுவை அன்றைக்கே கூப்பிடுங்கள். காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம், இவர்களுக்கு அது வராமலும் போகலாம்.

நாளைக் காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் கேட்க நான்கு கேள்விகள் போதும். டிரெயின் நீரில் பிலிரூபின் பார்த்தீர்களா, எவ்வளவு? செல் எண்ணிக்கையும் கல்ச்சரும் என்ன சொல்கின்றன? டாப்ளரில் கல்லீரல் சிரையும் போர்ட்டல் சிரையும் தமனியும் சரியாக ஓடுகின்றனவா? அந்த 50 மி.லி. குழாயை எப்போது எடுக்கப் போகிறீர்கள்? முதல் மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், ஒன்றரை லிட்டர் குழாயையும் எடுக்கும் நாளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.